ஏடு பகிர்ந்த ஏந்தல் கே. ஆர். நாராயணன்

சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்று வழங்கும் குகைத்தளம் ஒன்று உண்டு. அங்கே 17 கற்படுக்கைகள் வழவழப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றன்மேல் பொறித்த பழந்தமிழ் எழுத்துகள் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியவை என்பர் அறிஞர். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த துறவி ஒருவருக்குச் சிறுபோசில் என்னும் ஊரினராகிய இளயர் இருக்கை அமைத்துக் கொடுத்தார் என்பது அவ்வெழுத்துகள் தரும் செய்தி. எருமிநாடு என்பது மைசூரைச் சூழ்ந்த நிலப்பகுதி என்று கருதப்படுகிறது. வேற்று நாட்டிலிருந்து வந்த ஒருவரை அமரச் செய்து, அவர் அறிந்ததைக் கேட்கும் பண்பாடு நம் ஊர்க் குன்றில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இக்காலத்தில் இப்பணியை நாடுகள் தூதரகங்களின் வாயிலாகச் செய்கின்றன. அப்பணியில் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்து, பின்னர் இந்தியக் குடியரசின் தலைவராகவும் உயர்ந்தவர் கே. ஆர். நாராயணன். அவர் 2005-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் மறைந்தார். நம் சங்கத்தின் மாலைவகுப்பில் இன்று பயிலும் பிள்ளைகள் எவரும் அப்போது பிறந்திருக்கவில்லை. அவர் பெயரைப் பொது அறிவுத் தேர்வின் ஒருவரி விடையாக மட்டுமே அவர்கள் அறிவர். முதல் தலித் குடியரசுத் தலைவர் யார் என்ற வினாவுக்கு விடையாகி, அதனோடு முடிந்துவிடும் வாழ்வன்று அவருடையது. ஆதலின் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அவர்தம் வரலாற்றை நம் இளைஞர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

பிறப்பும் சூழலும்

அன்றைய திருவிதாங்கூர் அரசில், இன்றைய கோட்டயம் மாவட்டத்தில், உழவூர் என்பது ஒரு சிற்றூர். அங்கே ஓலைக் குடிசை ஒன்றில் கொச்சேரில் இராமன் வைத்தியருக்கும் பாப்பியம்மாவுக்கும் பிறந்த ஏழு மக்களுள் நாலாமவர் நாராயணன். தந்தையார் சித்த, ஆயுர்வேத மருத்துவம் அறிந்தவர். அவரது மருத்துவத்தை ஊர் மதித்தது. குடும்பத்தின் வறுமை தீரவில்லை. ஏட்டில் பதிவான பிறந்த நாள் 27-10-1920. பள்ளியில் சேர்க்கும்போது உறவினர் ஒருவர் குத்துமதிப்பாகக் கொடுத்த நாள் அது. மெய்யான பிறந்த நாள் நாராயணனுக்கே உறுதியாகத் தெரியாது. நம் இல்லங்களில் உள்ள முதியோர் பலர்க்கும் இந்நிலையே என்பதை நாம் அறிவோம்.

அந்நாளைய திருவிதாங்கூரில் சாதிக் கொடுமை எத்துணைக் கடுமையானது என்பதைச் சிறிது சொல்லியாக வேண்டும். தீண்டாமையோடு காணாமையும் அங்கே நடைமுறையில் இருந்தது. நம் மக்கள் பொதுத் தெருவில் நடக்கவும், பள்ளியில் நுழையவும், மார்பை மறைக்கவும் கூடப் போராட வேண்டியிருந்தது. அய்யன்காளி 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் வயலில் இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யச் செய்தார். உழவூருக்கு வெகுதொலைவில் இல்லாத வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924, 1925 ஆண்டுகளில் அறப்போர் நிகழ்ந்தது. தந்தை பெரியார் அங்குச் சென்று சிறைப்பட்டதைத் தமிழ் மக்கள் நன்கறிவர். திருவிதாங்கூர்க் கோயில் நுழைவு அறிக்கை 1936 நவம்பர் 12-ஆம் நாள் வெளிவந்தபோது நாராயணன் உயர்நிலைப் பள்ளி மாணவர். இத்துணைப் பேர் போராடித் திறந்த வாயிலின் வழியாகவே அவர் பள்ளிக்குள் நுழைந்தார்.

அண்ணன் எழுதித் தந்த ஏடு

குறிச்சித்தானத்தில் 1927-இல் தொடங்கிய அவர்தம் படிப்பு, உழவூர், கூத்தாட்டுக்குளம், குறவிலங்காடு ஆகிய ஊர்களில் தொடர்ந்தது. நாள்தோறும் நெல்வயல்களினூடே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குச் சென்று மீண்டார். கட்டணம் கட்ட இயலாமல் வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட நாள்கள் பல. அந்நாள்களிலும் அவர் வீடு திரும்பிவிடவில்லை. வெளியே நின்றபடியே ஆசிரியர் நடத்தும் பாடத்தைச் செவிமடுத்தார்.

பாடநூல் வாங்கப் பணமில்லை. இங்கேதான் நாம் ஒருவரை நன்றியோடு நினைத்தல் வேண்டும். நாராயணனின் தமையனார் நீலகண்டன் ஆஸ்துமா நோயால் வீட்டிலேயே முடங்கியிருந்தவர். அவர் மற்ற மாணவர்களிடமிருந்து புத்தகங்களை இரவல் வாங்கி, அவற்றைத் தம் கையாலேயே படியெடுத்துத் தம்பிக்குக் கொடுத்தார். மூச்சு விடவே இடர்ப்பட்ட ஒருவர், பிறர் புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய நாளுக்குள், பக்கம் பக்கமாக எழுதி முடித்த உழைப்பை எண்ணிப் பார்ப்போமாக. குடியரசுத் தலைவர்களின் பெயர்ப் பட்டியலில் நீலகண்டனுக்கு இடமில்லை. எனினும் அவர் எழுதிய ஏடுகள் இல்லையேல், அப்பட்டியலில் நாராயணன் பெயர் ஏறியிருக்குமா என்பது ஐயமே.

நாராயணன் 1937-இல் பள்ளியிறுதித் தேர்வில் வென்று, திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உதவித்தொகையால் கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் இடைநிலை வகுப்பு பயின்றார். பின்னர்த் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தை எடுத்துக்கொண்டு 1943-இல் முதல் மாணவராகத் தேறினார். அத்தகுதிக்கு விரிவுரையாளர் பதவியே உரியது. அவருக்கு நீட்டப்பட்டதோ எழுத்தர் வேலை. தகுதி எவ்வளவு உயர்ந்தாலும் சாதி அதனைக் குறைத்தே எடைபோடும் என்பதை இருபத்து மூன்றாம் வயதில் அவர் கண்டுகொண்டார். அவ்வேலையை ஏற்காமல் தில்லிக்குப் புறப்பட்டார்.

ஆங்கில இலக்கியம் பயின்றது வீண் என்று அன்று சிலர் கருதியிருக்கக்கூடும். வேலை தராத படிப்பு எதற்கு என்று இன்றும் நம் இல்லங்களில் கேட்கப்படுகிறது. அவர் வாழ்வின் பிற்பகுதி அவ்வினாவுக்கு விடை கூறும்.

இலண்டனில்

தில்லியில் சில காலம் இதழியலாளராகப் பணிபுரிந்தார். தி இந்து, டைம்ஸ் ஆப் இந்தியா ஆகிய ஏடுகளில் 1944, 1945 ஆண்டுகளில் எழுதினார். 1945 ஏப்ரல் 10-ஆம் நாள் பம்பாயில் காந்தியடிகளை நேர்கண்டார். அதே ஆண்டில் ஜே. ஆர். டி. டாட்டாவின் உதவி பெற்று இலண்டன் பொருளியல் கல்லூரிக்குச் சென்றார். அங்கே பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கியிடம் அரசியலறிவு கற்றார்.

இலண்டனில் அவர் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு அறையில் அடைந்து கிடக்கவில்லை. வி. கே. கிருஷ்ண மேனன் நடத்திய இந்தியா லீகில் சேர்ந்து இந்திய விடுதலைக்குப் பணியாற்றினார். கே. எம். முன்ஷியின் வார இதழுக்கு இலண்டன் செய்தியாளராக எழுதினார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பொருளியலறிஞர் கே. என். ராஜும், மொரீசியசு நாட்டின் குடியரசுத் தலைவராகவிருந்த வீராசாமி ரிங்காடுவும் அவருடன் ஒரே விடுதியில் தங்கியவர்கள். ஒருவர் படித்ததை மற்றவருக்குச் சொல்லி, வாதாடித் தெளியும் அத்தகைய நட்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒப்பாகும்.

1948-இல் அவர் நாடு திரும்பும்போது, பிரதமர் நேருவுக்கு லாஸ்கி ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். நாராயணன் நேருவைக் கண்டு சில நிமிடங்கள் உரையாடினார். அவ்வுரையாடல் முடியும்வரை கடிதத்தை எடுக்கவே இல்லை. விடைபெறும்போதுதான் அதை நீட்டிவிட்டு வெளியே நடந்தார். கடிதத்தைப் பார்த்த நேரு அவரைத் திரும்ப அழைத்து, முன்பே ஏன் தரவில்லை என்று வினவினார். பரிந்துரையைப் பின்னுக்கு வைத்துத் தம் அறிவை முன்னுக்கு வைத்த அப்பண்பு, நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் நம் இளைஞர் கருத்தில் கொள்ளத்தக்கது. 1949-ஆம் ஆண்டில் அவர் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அப்பணி 1946-இல்தான் அமைக்கப்பட்டது. விடுதலை பெற்ற நாட்டின் முகமாக அயல்நாடுகளில் நிற்க வேண்டிய முதல் தலைமுறை அலுவலர்களுள் ஒருவராக அவர் ஆனார்.

இரங்கூனில் ஓர் உரை

முதலில் அவர் பணியாற்றிய இடம் பர்மாவின் தலைநகராயிருந்த இரங்கூன். இரங்கூன் என்ற பெயர் புதுக்கோட்டைச் சீமையில் அயற்பெயரன்று. செட்டிநாட்டு வணிகரோடு நம் உழைப்பாளர் குடும்பங்களும் அங்குக் கப்பலேறிச் சென்றன. 1942-இல் சப்பானியர் படையெடுத்தபோது காட்டு வழியே நடந்து மீண்டவர்களையும், 1964-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உடைமைகளை விட்டுத் திரும்பியவர்களையும் பற்றி நம் பாட்டன் பாட்டியர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பர்மா 1948 ஜனவரி 4-ஆம் நாள் விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போரால் அலைக்கழிந்தது. அத்தகைய வேளையில் நாராயணன் அங்கே அலுவலரானார்.

தூதரக அலுவல் என்றால் ஒப்பந்தங்களில் கையெழுத்திடுவதும் விருந்துகளில் கலந்துகொள்வதுமே என்று நினைப்போர் உளர். நாள்தோறும் நடக்கும் வேலை வேறு. அந்நாட்டுச் செய்தித்தாள்களைப் படித்தல், எழுத்தாளரையும் ஆசிரியரையும் மாணவரையும் சந்தித்தல், நம் நாட்டு நூல்களை அவர்கள் கையில் சேர்த்தல், அவர்கள் நூல்களைப் பற்றி நம் நாட்டுக்கு எழுதுதல், நாடகக் குழுவுக்கும் இசைக் குழுவுக்கும் அரங்கு தேடுதல், உதவித்தொகை பெற்று வரும் மாணவர்க்கு வழிகாட்டுதல் ஆகியன அவ்வேலையின் கூறுகள். இதற்கெனவே மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1950-இல் இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகத்தைத் தோற்றுவித்தார். இவ்வேலையில் அலுவல் நேரம் ஓய்வு நேரம் என்ற வேறுபாடு குறைவு. ஓய்வில் படித்த ஒரு கதையும் மறுநாள் ஓர் அயல்நாட்டவரின் உள்ளத்தைத் திறக்கும் திறவுகோலாகும்.

நாராயணன் வாழ்விலேயே இதற்கு இனியதோர் எடுத்துக்காட்டு உண்டு. இரங்கூனில் இளம்பெண்கள் சங்கம் ஒன்றில் தொண்டாற்றிய மா டின் டின் என்னும் நங்கை, இந்தியத் தூதரகத்தில் லாஸ்கியின் மாணவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டார். அரசியல் விடுதலை பற்றித் தம் நண்பர் வட்டத்தில் உரையாற்றுமாறு அவரை அழைத்தார். நாராயணனும் இசைந்தார். இலண்டன் வகுப்பறையில் பெற்ற அறிவு, புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாட்டின் இளைஞரிடம் இவ்வாறு சென்று சேர்ந்தது. அச்சந்திப்பு நட்பாகி, நட்பு காதலாகி, 1951 ஜூன் 8-ஆம் நாள் தில்லியில் திருமணமாக முடிந்தது. வெளியுறவுப் பணியினர் அயல்நாட்டவரை மணக்க விதி இடந்தராமையின், பிரதமர் நேருவின் தனி இசைவு பெறப்பட்டது. மணமகள் உஷா என்னும் பெயர் ஏற்றார்.

உஷா அம்மையார் தில்லியில் சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் பெற்றுப் பெண்கள், குழந்தைகள் நலனுக்காக உழைத்தார். பர்மியச் சிறுகதைகள் பலவற்றை மொழிபெயர்த்து வெளியிட்டார். தெய்ன் பே மியின்ட் என்னும் பர்மிய எழுத்தாளரின் கதைகளை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்த தொகுப்பு 1998-இல் வெளிவந்தது. அப்போது அவர் குடியரசுத் தலைவரின் துணைவியார். அவ்வளவு பெரிய மாளிகையில் வாழ்ந்தும், தாம் பிறந்த நாட்டின் கதைகளைப் புகுந்த நாட்டுக்கு அளிக்கும் பணியை அவர் கைவிடவில்லை. அரசாணை எதுவுமின்றி, படித்து மகிழ்ந்ததைப் பிறருக்குப் பகிர வேண்டும் என்ற விருப்பத்தால் நிகழ்ந்த பண்பாட்டுத் தூது இது. உஷா அம்மையார் 2008-இல் மறைந்தார்.

தூதராய்ப் பல நாடுகளில்

இரங்கூனுக்குப் பின் தோக்கியோ, இலண்டன், கான்பெரா, ஹனோய் ஆகிய நகரங்களிலும் நாராயணன் பணியாற்றினார். இடையே 1954-ஐ ஒட்டித் தில்லிப் பொருளியல் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். தாய்லாந்தில் 1967 முதல் 1969 வரையும், துருக்கியில் 1973 முதல் 1975 வரையும் இந்தியத் தூதராக விளங்கினார். திருவிதாங்கூரில் விரிவுரையாளர் இருக்கை மறுக்கப்பட்டவர், நாடுகளின் அவைகளில் இந்தியாவின் இருக்கையில் அமர்ந்தார்.

அவர் ஏற்ற பணிகளுள் அருமையானது சீனத் தூதர் பணி. 1962-ஆம் ஆண்டுப் போருக்கு முன்னரே இந்தியா தன் தூதரைப் பீக்கிங்கிலிருந்து அழைத்துக்கொண்டது. அதன்பின் பதினைந்து ஆண்டுகள் தூதர் என்ற தகுதியில் எவரும் அங்கில்லை. 1976-இல் அவ்விருக்கையை மீண்டும் நிரப்ப அனுப்பப்பட்டவர் நாராயணன். அவ்வாண்டு செப்டம்பரில் மாசேதுங் மறைந்தார். சீனாவே பெரும் மாற்றத்தின் விளிம்பில் நின்றது. போரின் கசப்பு ஆறாத இரு நாடுகளுக்கிடையே நிற்பவருக்குச் சினமும் உதவாது, முகத்துதியும் உதவாது. எதிரே இருப்பவரின் வரலாற்றைப் படித்தறிந்த பொறுமையே உதவும். 1978 வரை அவர் அங்கிருந்தார். 1979 பிப்ரவரியில் இந்திய வெளியுறவு அமைச்சராயிருந்த வாஜ்பாய் சீனா செல்லுமளவுக்கு வழி திறந்தது. உறவு தொடங்கிய ஐம்பதாம் ஆண்டாகிய 2000-இல், நாராயணனே குடியரசுத் தலைவராகச் சீனா சென்றார்.

வெளியுறவுப் பணியிலிருந்து 1978-இல் ஓய்வு பெற்றபின், 1979, 1980 ஆண்டுகளில் சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றினார். 1980 முதல் 1984 வரை அமெரிக்காவில் இந்தியத் தூதர். 1982-இல் பிரதமர் இந்திரா காந்தி வாஷிங்டன் சென்ற பயணத்துக்கு வழிவகுத்தவர்களுள் அவரும் ஒருவர். இந்தியாவையும் அமெரிக்காவையும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளச் செய்யும் நோக்குடன் அவர் எழுதிய கட்டுரைகள் 1984-இல் நூலாயின. அலுவலகக் கோப்புகளோடு நின்றுவிடாமல், தாம் படித்தும் கண்டும் தெளிந்தவற்றைப் பொதுமக்களுக்கு எழுதிவைத்த அலுவலர் அவர்.

குடியரசின் தலைமை

ஒற்றப்பாலம் தொகுதியிலிருந்து 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களில் அவர் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். திட்டம், வெளியுறவு, அறிவியல் தொழில்நுட்பம் ஆகிய துறைகளில் இணையமைச்சராயிருந்தார். 1992-இல் குடியரசுத் துணைத்தலைவர். 1997 ஜூலை 25-ஆம் நாள், ஏறத்தாழ 95 விழுக்காட்டு வாக்கு மதிப்புடன், குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். நாடு விடுதலைப் பொன்விழாவைக் கொண்டாடிய ஆண்டு அது.

அப்பதவியை அணிகலனாக மட்டும் அவர் கருதவில்லை. 1998 பொதுத் தேர்தலில் மற்ற குடிமக்களைப் போலச் சென்று வாக்களித்தார். பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவர் ஒருவர் பொதுத் தேர்தலில் வாக்களித்தது அதுவே முதன்முறை. மாநில அரசைக் கலைக்குமாறு அமைச்சரவை செய்த பரிந்துரையை 1997-இல் உத்தரப் பிரதேசம் குறித்தும், 1998-இல் பீகார் குறித்தும், மறுஆய்வுக்குத் திருப்பியனுப்பினார். உச்சநீதிமன்ற நீதிபதிகளைத் தெரிவு செய்கையில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருள் தகுதியுடையோரையும் கருத வேண்டும் என்று எழுத்துமூலம் நினைவூட்டினார். 2000-இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் உச்சநீதிமன்ற நீதிபதியானார். 2007-இல் அவரே இந்தியத் தலைமை நீதிபதியாகவும் ஆனார். அரசமைப்பைச் சட்டப் புத்தகமாக அடுக்கில் வைத்துவிடாமல், வரிவரியாகப் படித்து அதன்படி நடந்த தலைவர் நாராயணன் எனின் மிகையாகாது.

இத்துணை உயர்ந்தும் சாதிப் பெயர் அவரை விட்டபாடில்லை. 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் பிரான்சுக்கு அரசமுறைப் பயணம் சென்றபோது, அந்நாட்டு நாளேடு ஒன்று தீண்டத்தகாதவர் என்னும் சொல்லையே தலைப்பில் இட்டு அவரைக் குறித்தது. தூதராக முப்பதாண்டு உழைத்த அறிஞரின் புலமையும் பணியும் பின்னுக்குப் போய், பிறப்பே தலைப்பாயிற்று. இந்தியாவில் இதற்குப் பெருங்கண்டனம் எழுந்தது. ஆயினும் அச்சொல்லை உலகுக்கு ஏற்றுமதி செய்தது நம் நாட்டுச் சாதி முறையேயன்றோ?

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றைக் கேட்கும் நம் இளைஞர் ஒருவர் ஒரு வினா எழுப்பக்கூடும். நம் அன்னவாசல் ஒன்றியத்து வேங்கைவயலில், 2022 டிசம்பரில், நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அத்தகைய நாட்டில் கதை படிப்பதும் கவிதை படிப்பதும் யாருக்கு என்ன பயன் தரும்? இவ்வினா நியாயமானது. புத்தகம் படிப்பதால் மட்டும் கொடுமை நீங்காது. சட்டமும் போராட்டமும் ஒற்றுமையும் வேண்டும். அய்யன்காளியின் வேலைநிறுத்தம் இன்றி நாராயணனுக்குப் பள்ளியே இல்லை என்பதை மேலே கண்டோம்.

எனினும் மற்றொன்றையும் எண்ணுதல் வேண்டும். நம்மைப் பற்றிப் பிறர் எழுதுவதே உலகில் நிலைபெறும் வரை, நாம் தலைப்பில் ஒரு சாதிப் பெயராகவே நிற்போம். நம் துன்பத்தை நாமே எடுத்துரைக்கவும், வேற்று மக்களின் துன்பத்தை நாம் அறிந்து அவர்களோடு தோழமை கொள்ளவும், பரந்த படிப்பு இன்றியமையாதது. வேலைக்கான படிப்பு நம்மை அலுவலகத்தின் வாயில்வரை கொண்டுசேர்க்கும். உள்ளே சென்றபின் நிமிர்ந்து பேசும் ஆற்றலைத் தருவது விருப்பத்தோடு படித்த படிப்பே. எழுத்தர் வேலைக்கு மேல் தகாது என்று ஒதுக்கப்பட்டவரை, பர்மிய மாணவரிடமும் சீன அமைச்சரிடமும் அமெரிக்கப் பேராசிரியரிடமும் சமமாக உரையாடச் செய்தது அதுவே.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு நல்ல மரபும் உண்டு. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தை அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்தினார். கல்குவாரியில் உழைத்த பெண்களும் வயலில் உழைத்த பெண்களும் மாலை வேளையில் எழுத்துக் கற்றனர். மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். அலுவலரும் ஆசிரியரும் தொண்டரும் தெருவிளக்கின் கீழ் அவர்களோடு அமர்ந்து படித்தனர். இன்று நம் வகுப்பில் பயிலும் பிள்ளைகள் பலருடைய பாட்டியர் கையொப்பமிடக் கற்றது அக்காலத்தில்தான். பதவியில் இருப்போர் தம் ஓய்வு நேரத்தை மக்களோடு பகிர்ந்தால் என்ன விளையும் என்பதை நம் கண்முன்னே கண்டிருக்கிறோம்.

ஆனால் இன்று நம் நூலக அலமாரியில் தேய்ந்து கிடப்பவை போட்டித் தேர்வுக் கையேடுகளே. கதை, வரலாறு, பயண நூல், வாழ்க்கை வரலாறு ஆகியன தூசு படிந்துள்ளன. பிள்ளைகளை இதற்குக் குறை கூறுதல் முறையன்று. அவர்களுக்கு வேலை வேண்டும். வீடு அவர்களை நம்பியிருக்கிறது. ஆனால் வேலை பெற்று உயர்ந்த நம்மவர்க்கு ஒரு கடமை உண்டு. ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர், செவிலியர், காவலர், பொறியாளர், வங்கி அலுவலர் என நம் சமுதாயத்தினர் இன்று பல துறைகளில் உள்ளனர். அவர்களுள் பலர் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊருக்கு வந்து, நன்கொடைச் சீட்டில் ஒரு தொகை எழுதிச் செல்கின்றனர். அத்தொகைக்கு நன்றி. அதனோடு, தாம் அண்மையில் விரும்பிப் படித்த ஒரு புத்தகத்தையும் கொண்டுவருவாராக. ஒரு மாலைப்பொழுது பிள்ளைகளோடு அமர்ந்து, அதில் என்ன கண்டோம், ஏன் மகிழ்ந்தோம், எங்கே மாறுபடுகிறோம் என்று சொல்வாராக. பின்னர் அப்புத்தகத்தை இங்கேயே விட்டுச் செல்வாராக. தேர்வில் வெல்வது எப்படி என்ற அறிவுரையைவிட இது நெடுநாள் பயன் தரும்.

நம் சங்கம் இந்த 25 ஆண்டுகளில் செய்துவந்தது நீலகண்டனின் வேலையே. இரவல் வாங்கியும், நன்கொடை பெற்றும், படியெடுத்தும், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளையின் கையில் புத்தகத்தைச் சேர்க்கும் வேலை அது. அதில் புகழ் குறைவு, உழைப்பு மிகுதி. நாராயணனைப் போல் உயர்தல் எல்லார்க்கும் கிட்டாது. நீலகண்டனைப் போல் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு நூலைக் கொடுத்தல் நம் ஒவ்வொருவர்க்கும் இயலும். இவ்விதழைப் படித்து முடிக்கும் ஒவ்வோர் உறுப்பினரும் அடுத்த ஞாயிறன்று நம் நூலகத்துக்கு ஒரு நூலோடு வருக. அதை யாருக்குப் படித்துக் காட்டுவது என்பதையும் உடன் எண்ணி வருக.